அத்திக்கடவுத் தண்ணீரும் நம் கல்லாப்பெட்டியும்

மழை பொய்த்தால் உழவருக்கு உடனே நஷ்டம். மூன்று மாதம் கழித்து அதே நஷ்டம் நம் கடன் நோட்டில் வந்து உட்கார்ந்து கொள்ளும். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் வரும்போது ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் கூட்டம் இல்லை என்றால், காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அவிநாசி, சேவூர், அன்னூர்ப் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தாலே போதும். திருப்பூர் பனியன் ஆர்டரை நம்பித்தான் பூண்டிக் கடைவீதி நடக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, சுற்றியுள்ள கிராமங்களின் தண்ணீரில் இருக்கிறது.

அந்தத் தண்ணீருக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதி மக்கள் கேட்டு வந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், 17.8.2024 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. அடிக்கல் நாட்டியது 28.2.2019-ல், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே.பழனிசாமி. யாருடைய திட்டம் என்ற வாக்குவாதத்தை அரசியல் மேடைகளுக்கே விட்டுவிடுவோம். நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு சரக்கு எங்கிருந்து வருகிறது, கொண்டுவரச் செலவு எவ்வளவு, வந்த சரக்கில் சேதாரம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்காமல் கொள்முதல் செய்வதில்லை. தண்ணீரையும் அப்படியே பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெயர் ஒன்று, இடம் வேறு

அத்திக்கடவு என்பது கோவை மாவட்டத்தில் பில்லூர் அணைக்குப் பக்கத்தில் பவானி ஆற்றங்கரையில் உள்ள மலை ஊர். பழைய யோசனை எளிமையானது. வெள்ளக் காலத்தில் வீணாகும் நீரை மலையடிவாரத்திலேயே பிரித்து, வாய்க்கால் வழியாக, தானே சரிந்து ஓடி வரும்படி செய்து, மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி வட்டாரக் குளங்களை நிரப்புவது. மோட்டார் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம். பெரியவர்கள் இன்றும் "அத்திக்கடவு" என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் ஓடுவது இந்த வாய்க்கால்தான்.

ஆனால் 2024-ல் வந்த தண்ணீர் அத்திக்கடவிலிருந்து வரவில்லை. பவானி ஆறு மலையிறங்கி, 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் தங்கி, சமவெளியில் ஓடி, காவிரியில் சேரப் போகும் கடைசிக் கட்டத்தில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கப்படுகிறது. அங்கிருந்து பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என ஆறு நீரேற்று நிலையங்கள் படிப்படியாக மேலே தள்ளுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்கள் நிலத்துக்கு அடியில் ஓடுகின்றன. பெயரில் மட்டும் அத்திக்கடவு தங்கிவிட்டது. வெகுகாலம் கேட்ட பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

ஏன் இந்த மாற்றம்? பழைய வழியில் சிக்கல்கள் இருந்தன. பில்லூரைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. காரமடை, மேட்டுப்பாளைய மலையடிவாரம் யானைகள் நடமாடும் தடம். அங்கே பெரிய வாய்க்கால் வெட்டினால் காட்டை இரண்டாகப் பிளந்தது போல் ஆகும். வனத்துறை அனுமதியும் லேசில் கிடைக்காது. மேலும் பில்லூர் சும்மா கிடக்கும் அணை அல்ல. ஐம்பதுகளின் பிற்பகுதியில் கனடா நாட்டு உதவியுடன் தொடங்கிய குந்தா மின் திட்டத்தின் வரிசையில் அதுவும் ஒன்று. அவலாஞ்சி, எமரால்டு, கெத்தை, பரளி என்று ஒவ்வொரு படியிலும் சுழலியைச் சுற்றிவிட்டு இறங்கும் நீர், பில்லூரில் 100 மெகாவாட் மின் நிலையத்தையும் ஓட்டுகிறது. கோவை மாநகரின் குடிநீரும் அங்கிருந்துதான் போகிறது.

யோசித்துப் பாருங்கள். நீலகிரியில் இறங்கும்போது மின்சாரம் கொடுத்துவிட்டு வரும் அதே நீர், அவிநாசிக்கு ஏறும்போது மின்சாரம் கேட்கிறது. பாதி வழியில் பிரித்துக்கொள்வதா, கீழே வரை விட்டு மறுபடி தூக்குவதா என்பதுதான் விஷயம். காட்டைக் காப்பாற்றினால் கரண்ட் செலவு. கரண்டை மிச்சம் பிடித்தால் காட்டுக்குச் சேதம். சுற்றுச்சூழல் பேசுபவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்க முடியாத விஷயம் இது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் தற்போதைய வழிதான் சரி என்பது எனது கருத்து. மோட்டாரை நாளைக்கு மாற்றலாம், யானைத் தடத்தை மாற்ற முடியாது. ஆனால் அதற்கான விலையை ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம்

ஆண்டுக்கு 70 நாள், விநாடிக்கு 250 கன அடி வீதம் எடுப்பது திட்டம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 70 நாளில் சுமார் 151 கோடி கன அடி. 100 கோடி கன அடி ஒரு டி.எம்.சி. ஆகவே மொத்தம் ஒன்றரை டி.எம்.சி. இதுதான் அரசு சொல்லும் அளவு. கணக்கு சரியாக வருகிறது.

டி.எம்.சி. என்றால் நமக்கு ஒன்றும் புரியாது. லாரிக் கணக்கில் சொல்கிறேன். 250 கன அடி என்பது விநாடிக்கு சுமார் 7,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இரண்டு விநாடிக்குள் நிரம்பிவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இத்திட்டத்தில் சேர்ந்தவை 1,045 நீர்நிலைகள்: நீர்வளத்துறை ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42, குட்டைகள் 971. சராசரியாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 4 கோடி லிட்டர், அதாவது ஏறத்தாழ 3,400 லாரி. (குட்டைக்கும் ஏரிக்கும் ஒரே பங்கு கிடையாது என்பது வேறு விஷயம்.) இதனால் 24,468 ஏக்கர் நிலம் பயன்பெறும் என்பது அரசின் மதிப்பீடு. பயன் என்றால் வாய்க்கால் பாசனம் அல்ல. குளத்தில் நிறைந்த நீர் நிலத்தில் இறங்கி, சுற்றுக் கிணறுகளில் ஊறுவதுதான். ஆயிரம் அடி தோண்டியும் புகை வந்த போர்வெல்கள் உள்ள ஊர்களில் அந்த ஊற்று எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி மின்சாரக் கணக்கு. 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர், அதாவது 328 அடி உயரத்துக்குத் தூக்க, ஏட்டுக் கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும். மோட்டார், பம்ப், குழாய் உராய்வு இவற்றின் சேதாரத்தைச் சேர்த்தால் சுமார் 0.4 யூனிட். ஒன்றரை டி.எம்.சி. முழுவதையும் 100 மீட்டர் தூக்குவதாக வைத்துக்கொண்டால் சுமார் 1 கோடியே 70 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் 12 கோடி ரூபாய். பவானிக்கும் அன்னூருக்கும் உயர வித்தியாசம் இதைவிட அதிகம். எல்லாத் தண்ணீரும் கடைசி மேடு வரை போவதும் இல்லை. ஆகவே இதை ஒரு உத்தேச அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தால் மீதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதே கணக்கில் ஒரு லாரித் தண்ணீரை நூறு மீட்டர் ஏற்ற ஆகும் மின்செலவு 35 ரூபாய்க்குள் அடங்குகிறது. இருமடங்கு உயரம் என்றாலும் 70 ரூபாய்தான். கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு நாம் எண்ணிக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆக, மின்செலவு அதிகம் என்று இத்திட்டத்தைக் குறை சொல்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தூக்கிக் கொண்டுவந்த தண்ணீர், வந்த இடத்தில் என்ன ஆகிறது?

காற்றும் தண்ணீரும்

மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதும் நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயமே. 2012-ல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல், கடை வாசலில் ஜெனரேட்டர் புகையோடு வியாபாரம் செய்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஐஸ்கிரீம், பால், மருந்துக் கடைக்காரர்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் 70 நாள் இரவும் பகலும் ஓடும் பம்புகளை யாராவது பேசியிருந்தால் சிரித்திருப்போம்.

ஆனால் நமது பகுதிக்கு ஒரு இயற்கைச் சலுகை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று. உடுமலை, பூளவாடி, கேத்தனூர், பல்லடம் பக்கம் போனால் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். அவற்றில் கணிசமானவை திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோவை மில்களும் தங்கள் சொந்த மின்தேவைக்காக முதல் போட்டவை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று பலமாக வீசும் நாட்களில், மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வழியில்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னதும் உண்டு.

அதே தென்மேற்குப் பருவம்தான் நீலகிரியில் மழை பெய்து பவானியில் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. கணவாயில் காற்று, மலையில் மழை, இரண்டும் ஒரே சமயம். உபரி மின்சாரம் இருக்கும் நேரத்தில் உபரித் தண்ணீரைத் தூக்கினால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறு இருக்க முடியுமா? முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பவானிசாகர் நிரம்பிய பிறகு கீழே வரும் உபரி, சில ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை வரை தள்ளிப் போகும். அப்போது காற்று படுத்துவிடும். ஆனாலும் பம்பு ஓட்டும் நாட்களையும் நேரத்தையும் தீர்மானிக்கும்போது நீர்வளத்துறையும் மின்வாரியமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. குளங்களில் நீர் அளவைக் காட்டவும் மதகை இயக்கவும் வைத்துள்ள கருவிகள் சூரிய ஒளியில் ஓடுகின்றன. பெரிய பம்புகளுக்கும் அந்தச் சிந்தனை வர வேண்டும்.

மின்சாரத்துக்கும் நிலம் வேண்டும் என்பதை ஒரு வார்த்தை சொல்லி மேலே போகிறேன். 2018 டிசம்பரில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து மேற்கு மாவட்ட உழவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் மின்தடம் கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகப் போகிறது, நம் பக்கம் மட்டும் ஏன் தோட்டத்தின் நடுவே கோபுரம் என்று அவர்கள் கேட்ட கேள்வி சாதாரணமானதல்ல.

கீழ்பவானிக்காரர்கள் சொல்வது

நமக்குத் தண்ணீர் வந்தால் சந்தோஷம். ஆனால் ஒருவர் பங்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் அது நீடிக்காது. பவானியை நம்பிக் கீழ்பவானிப் பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர், கொடிவேரி வாய்க்கால்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஓடும் காளிங்கராயன் வாய்க்கால் என்று பல உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் காவிரி நடுவர் மன்றம், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆகவேதான் "உபரி நீர் மட்டும்" என்ற நிபந்தனை. காளிங்கராயனுக்குக் கீழே எடுப்பதும் அதனால்தான் பொருத்தம்: மேலே உள்ளவர்கள் எடுத்து மிஞ்சியதுதான் அங்கே வரும்.

இதன் மறுபக்கம் என்ன? வறட்சி ஆண்டில் உபரி இருக்காது. நமக்கு மிகவும் தேவைப்படும் வருஷத்தில் குழாய் காலியாகத்தான் இருக்கும். இத்திட்டம் வறட்சிக்கு மருந்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல வருஷத்தில் சேமித்து, கெட்ட வருஷத்தில் எடுத்துச் செலவு செய்யும் கூட்டுறவு வங்கி டெபாசிட் மாதிரிதான் இது. டெபாசிட் போடும் பெட்டி, அதாவது குளம், ஓட்டையாகவும் ஆக்கிரமிப்பாகவும் கிடந்தால் நல்ல வருஷமும் வீண்.

2016 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, அவிநாசியில் நடந்த தொடர் உண்ணாவிரதம் இத்திட்டத்தைக் கோப்பிலிருந்து வெளியே இழுத்து வந்தது என்றால் மிகையாகாது. கட்சிக் கொடி இல்லாமல் ஊர் கூடி நின்ற போராட்டம் அது. திட்டத்தில் விடுபட்ட குளங்களைச் சேர்த்து இரண்டாம் கட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் தொடர்கிறது. அதற்கு ஆதரவு தர வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே குழாய் வந்து சேர்ந்த குளங்களின் நிலையைப் பேசாமல், வராத குளங்களைப் பற்றி மட்டும் பேசுவது எப்படிச் சரியாகும்?

நம் வீட்டு வாசலில் ஓடும் நல்லாறு

இங்கேதான் நாம் கொஞ்சம் சங்கடப்பட வேண்டியிருக்கிறது.

சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை இறைவனே வேடர்களை விட்டுப் பறிக்கச் செய்தார் என்பது பூண்டித் தலபுராணம். அந்த ஊர் பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சி ஆகிவிட்டது. சிற்பக் கூடங்களின் உளிச் சத்தத்தோடு பனியன் கம்பெனிகளின் தையல் மிஷின் சத்தமும் சேர்ந்துவிட்டது. ஜனம் பெருகியது, கடை பெருகியது, கழிவும் பெருகியது. அவிநாசிப் பக்கமிருந்து வரும் நல்லாறு நம் ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய் நஞ்சராயன் குளத்தில் சேர்கிறது. அது சுமந்து போவது பெரும்பாலும் சாக்கடை நீர்தான்.

அந்த நஞ்சராயன் குளம், 125 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ளது, பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஒரு ஊர். 1971-ல் அங்கே கையெழுத்தான உலக உடன்படிக்கையின்படி காக்கப்பட வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. அதே ஆகஸ்டில்தான் அத்திக்கடவும் திறக்கப்பட்டது. ஒரே மாதத்தில் இரண்டு நல்ல செய்தி. கோடி கோடியாய்ச் செலவழித்து பவானியிலிருந்து தண்ணீர் ஏற்றுகிறோம்; உலகமே மதிக்கும் குளத்துக்கு நாம் அனுப்புவது சாக்கடை. 1-1-2019 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடையில் இருக்கிறது. அபராதம் போடும் அதிகாரிகளைப் பற்றி நமக்குக் குறை உண்டு. சிறு கடைக்காரரைப் பிடித்துவிட்டு உற்பத்தி செய்பவரை விட்டுவிடுகிறார்கள் என்பது உண்மையான குறை. என்றாலும் நல்லாற்றுப் பாலத்தடியில் சிக்கிக் கிடக்கும் கேரிபேக் எந்தக் கடைவீதியிலிருந்து வந்தது என்று நாம் வெளியூர்க்காரரைக் கைகாட்ட முடியாது.

நொய்யல் கதையை நாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசன நீருக்குப் பதில் சாயக் கழிவைத் தேக்கியது. கீழே உள்ள உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கினார்கள். 2006, 2009 உத்தரவுகளுக்குப் பின்னும் கழிவு நிற்காததால் 28.1.2011 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நம்மில் பலர், இது சாயப்பட்டறைக்காரருக்கும் உழவருக்கும் உள்ள வழக்கு, நமக்கென்ன என்று இருந்தோம். சம்பளம் இல்லாத தொழிலாளிகள் ஊர் திரும்பினார்கள். வாடகை வீடுகள் காலியாயின. மளிகைக் கடன் பாக்கியை வசூலிக்க ஆள் இல்லை. வழக்கில் நம் பெயர் இல்லை, நஷ்டத்தில் இருந்தது. பின்னர் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாற்றிய பிறகே தொழில் நிமிர்ந்தது. கழிவை முதலிலேயே கவனித்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு, மூடிய மாதங்களில் போனது எவ்வளவு என்று யாரும் இன்னும் முழுக் கணக்குப் போடவில்லை.

சங்கத்தின் சார்பில் என்ன செய்யலாம்

பெரிய தீர்மானங்கள் போட்டுப் பயனில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய சிறு விஷயங்கள் போதும். குளங்களின் அளவைக் காட்டும் கருவிகளின் விவரம் துறையிடம் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தக் குளத்துக்கு எவ்வளவு நீர் விடப்பட்டது என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கக் கேட்கலாம். ஸ்டாக் ரிஜிஸ்தர் இல்லாத குடோனை நம்மில் யாராவது நடத்துவோமா? பம்பு நிலையங்களின் ஆண்டு மின் யூனிட் எவ்வளவு, 1,916 கோடியில் முடிந்த இத்திட்டத்தில் ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடிந்தபின் செலவு எந்தக் கணக்கில் வரும், உள்ளாட்சித் தலையில் விழுமா என்பதையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. உள்ளாட்சித் தலையில் விழுந்தால் அது சொத்து வரியாகவும் தொழில் வரியாகவும் நம்மிடம்தான் வரும்.

நகராட்சியைப் பொறுத்தவரை நல்லாற்றில் சாக்கடை கலக்கும் இடங்களை வார்டு வாரியாகக் குறித்து, எதை எப்போது அடைப்பார்கள் என்று எழுத்தில் பெற வேண்டும். கூடவே நம் கடைவீதியின் குப்பை எங்கே போகிறது என்ற கேள்வியும் வரும். அதற்குப் பதிலோடு போவதுதான் மரியாதை. ஹோட்டல், பேக்கரி, காய்கறிக் கடைகளின் ஈரக்கழிவை தனியே எடுக்க வண்டி வேண்டும் என்று நாமே கேட்டால், அதற்கான மாதக் கட்டணத்தில் நியாயமான பங்கைத் தருவதாகவும் சொல்லலாம். மனுவின் நகல் ஒன்றை அவிநாசி, பெருமாநல்லூர் வணிகர்களுக்கும் அனுப்பி வைத்தால், மேலே உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் ஒரே ஆற்றைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது அலுவலகத்துக்குப் புரியும். வரும் தென்மேற்குப் பருவத்துக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். பம்பு ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள்.